மேனேஜரின் கோபத்துக்கு மூன்று காரணங்கள்

சுவரில் போய் மோதிய தொலைபேசி மூன்று துண்டாகக் கிடந்தது. எறிந்தவர் லிஃப்ட் கம்பெனியின் புகார் பிரிவு குமாஸ்தா. பன்னிரண்டு வருடத்தில் யாரையும் ஒரு சுடுசொல் சொல்லாத மனிதர், பாவம். அன்றைக்கு மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்திய கத்தலில் கை தானாகப் போய்விட்டது.

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதமும் மேனேஜர் பெயர் போட்ட ஒரு படிவமும் வந்தன. மனநல ஆலோசகரிடம் மூன்று முறை போக வேண்டும். அதன் பிறகு ‘இவர் திருந்திவிட்டார்’ என்று மேனேஜர் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் வேலை போச்சு.

அடுத்த தெருவில் இருந்த ஆலோசகர் அம்மா படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“உங்களை விடுங்க. மேனேஜரைப் பத்திச் சொல்லுங்க.”

“என்னத்தைச் சொல்றது மேடம். கத்துவார்.”

“கத்தறதுக்கு முன்னாடி பேனா மூடியைக் கழட்டிக் கழட்டி மாட்டுவாரா?”

குமாஸ்தாவுக்குப் புல்லரித்தது. பார்த்தே இராத ஒரு ஆளை இப்படிப் புட்டுப்புட்டு வைக்கிறாரே, படிப்பென்றால் இதுவல்லவா படிப்பு!

“நினைச்சது நடக்கலைன்னா ஆத்திரம் பக்கத்துல இருக்கறவங்க மேல பாயும். ஏதாவது பதவி உயர்வு கைநழுவிப் போயிருக்கும். ‘இது என்மேல உள்ள கோபம் இல்ல சார்’னு பக்குவமாச் சொல்லுங்க. அடங்கிடுவார்.”

குமாஸ்தா பக்குவமாகத்தான் சொன்னார். மேனேஜர்தான் அடங்கவில்லை. மாலைக்குள் குமாஸ்தாவின் மேஜை கழிப்பறை வாசலுக்குப் போய்விட்டது.

இரண்டாம் முறை ஆலோசகர், “சாப்பாட்டுல உப்பு குறைஞ்சா தட்டைத் தள்ளிவிடுவாரே?” என்றார்.

“கேன்டீன்ல தினமும் நடக்குது மேடம். எப்படித்தான் கண்டுபிடிக்கிறீங்களோ.”

“அவங்கப்பாவும் அப்படித்தான் இருந்திருப்பார். கத்தினா காரியம் நடக்கும்னு சின்ன வயசுல பார்த்துக் கத்துக்கிட்டது. அதைப் புரியவைங்க.”

புரியவைத்தார். மேனேஜர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“எங்கப்பாவைப் பத்தி எவன்யா உனக்குச் சொன்னது?”

“ஆலோசகர் சார். பெரிய மேதை.”

மறுநாள் காலை மெமோ வந்தது. ‘மேலதிகாரியின் தகப்பனாரை விமர்சித்தல்’ என்று காரணம் போட்டிருந்தது.

மெமோவைப் படித்த மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். “அந்தம்மா வைத்தியம் பாக்கறது உங்களுக்கா, உங்க மேனேஜருக்கா?”

“உனக்கென்ன தெரியும்? பார்க்காமலே ஒருத்தரைப் படிக்கிறாங்க. அவங்க சொன்னதுல ஒண்ணுகூட இதுவரைக்கும் தப்பலை.”

“வேலைதான் தப்பாதுபோல.”

வெள்ளிக்கிழமை காலையில் குமாஸ்தா மெமோவை ஆலோசகர் முன் வைத்தார். “என்னால முடியலை மேடம். எனக்கு ரெண்டு பிள்ளைங்க.”

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“அவர் கெட்டவர் இல்ல. தன்னை யாரும் மதிக்கலைன்னு உள்ளுக்குள்ள பயம். பயந்தவங்கதான் முந்திக்கிட்டுக் கத்துவாங்க. தப்புன்னு அவருக்கே தெரியும், இறங்கி வரத்தான் தெரியாது. இதை அப்படியே சொல்லிட்டு, ‘யார்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமோ, இன்னிக்கே கேட்டுடுங்க’ன்னு முடிச்சிடுங்க.”

போகிற வேலை எப்படிப் போனால் என்ன என்று குமாஸ்தா மேனேஜர் முன் நின்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு வரி விடாமல் ஒப்பித்தார். கத்தலுக்குக் காத்திருந்தார். வரவில்லை.

கண்ணைத் திறந்தால் மேனேஜர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். மெமோவைக் கிழித்தார்.

“கதவைச் சாத்திட்டுப் போய்யா,” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

குமாஸ்தா ஓட்டமும் நடையுமாக ஆலோசகரிடம் போனார். வாசலில் வரவேற்பு மேஜைப் பெண் மறித்தாள்.

“மேடத்தை உடனே பார்க்கணும்மா. வேலை தப்பிச்சிடுச்சு. நேர்ல பார்க்காமலே ஒரு மனுஷனை இவ்வளவு துல்லியமாப் படிக்க உலகத்துல வேற யாரால முடியும்?”

“செத்த உட்காருங்க சார்,” என்றாள் அவள். “உங்க மேனேஜர் ஃபோன்ல மேடத்துக்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருக்கார். பதினேழு வருஷக் குடித்தனத்துல இதுதான் முதல் தடவையாம்.”