மாமா கண்டுபிடித்த கல்

எந்த இடத்துக்கு உறவுக்காரர் வரவே மாட்டார் என்று நம்பிப் போகிறோமோ, அங்கேதான் வந்து நிற்பார். தாய்மாமன் என்றால் நேரே நம் முதுகுக்குப் பின்னால் நிற்பார்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. காரைக்குடியில் ஒரு கடையில் மாடுலர் கிச்சன் வரைந்து கொடுக்கும் வேலை. எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பது மதுரை நண்பன் சரவணனுக்கு மட்டும் தெரியும். போனில் அதற்கென்று இருந்த ஆப்பைத் திறந்தால், பக்கத்தில் ஒரே ஒருவர்தான் காட்டினார். (அவரும் முகத்துக்குப் பதில் ஒரு தென்னை மரத்தை வைத்திருந்தார்.)

சரவணன்தான் பழைய வழியைச் சொன்னான். "போன் வர்றதுக்கு முன்னாடி நம்மாளுகளுக்கு பஸ் ஸ்டாண்டு கக்கூசுதான்டா கல்யாணத் தரகர். இப்பவும் சில பேரு அங்கதான் பாத்துக்கிருவாக."

அதற்கு விதிகளும் உண்டாம். வந்த காரியம் முடிந்த பின்னும் நிற்க வேண்டும். லேசாக இரும வேண்டும். பதில் இருமல் வந்தால், கை கழுவுமிடத்தில் சீப்பை எடுத்துத் தலை வார வேண்டும். பெயர் மட்டும் கேட்கக் கூடாது. வீட்டிலும் இடமில்லாமல் ஊரிலும் இடமில்லாமல் இருந்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட, அந்த பினாயில் வாடைக்குள் கொஞ்ச நேரம் தாங்களாக இருந்துவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறார்கள். மாட்டினால் போலீஸ், அடி, ஊர்ச் சிரிப்பு. இப்போது சட்டம் மாறிவிட்டது. பயம் மாறவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. உள்ளே போனேன், வெளியே வந்தேன், பஸ் போர்டை வாசித்தேன், மறுபடி உள்ளே போனேன். லேசாக இருமத்தான் நினைத்தேன். காசநோய்க்காரன் மாதிரி வந்தது. பக்கத்திலிருந்த பெரியவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடியே போனார்.

அப்போது ஒரு பதில் இருமல்.

கட்டம் போட்ட சட்டை, முப்பது வயதிருக்கும். கண்ணாடி முன் நின்று சீப்பை எடுத்தார். நான் சீப்பை மறந்துவிட்டேன். (பெண் பார்க்கப் போகிறவன் வேட்டியை மறந்த மாதிரி.) விரலாலேயே வாரினேன். அவர் சிரித்தார். எனக்கு நெஞ்சு டவுன் பஸ் மாதிரி குலுங்கியது.

"ஏய் மாப்ளே!"

பக்கத்து ஊரான கல்லலில் இருக்கும் என் தாய்மாமன்.

"எதுக்க டீக்கடையிலருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். உள்ள போறே, வெளிய வாறே, திருப்பி உள்ள போறே. என்னடா?"

"வந்து... போக மாட்டேங்குது மாமா."

மாமாவின் முகம் மலர்ந்தது. அவர் சிறுநீரகக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர். அன்றிலிருந்து மனிதனுக்கு வரும் எல்லாத் துன்பத்துக்கும் கல்லே காரணம் என்பது அவர் சித்தாந்தம்.

"கல்லுடா! சந்தேகமே இல்ல." அப்படியே திரும்பி, நழுவப் பார்த்த கட்டம் போட்ட சட்டையைப் பிடித்தார். "தம்பி, நீங்களும் அப்பயிருந்து இங்குட்டும் அங்குட்டுமா அலையுறீக. உங்களுக்கும் அடைப்பா?"

வாசலில் ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். கட்டம் போட்ட சட்டைக்காரர் அங்கே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆமாண்ணே," என்றார் பலவீனமாக.

அடுத்த கணம் மூவரும் ஆட்டோவில். ஸ்கேன் சென்டரில் ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீரைக் கொடுத்து, "முட்டிக்கிட்டு வரணும், அப்பத்தான் கல்லு தெரியும்" என்று மாமா காவலுக்கு உட்கார்ந்தார். பெஞ்சில் நாங்கள் இருவரும் தொடையை இறுக்கிக்கொண்டு காலாட்டினோம்.

மாமா டோக்கன் கேட்க எழுந்தபோது கட்டம் போட்ட சட்டைக்காரர் கிசுகிசுத்தார். "பேரு கேக்கக் கூடாதும்பாக. இதுக்கு மேல என்ன இருக்கு? நான் கதிர். தேவகோட்டை."

எனக்குச் சிரிப்பு பொங்கியது. "சிரிக்க வைக்காதீக. தாங்காது."

ஸ்கேனில் ஒன்றுமில்லை, இருவருக்கும். மாமா அசரவில்லை. "ஆட்டோ குலுக்குன குலுக்குல விழுந்துருச்சு!" அதன்பிறகு போகிற விசேஷத்திலெல்லாம், "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்று எங்களைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது கதிரும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். போன பொங்கலுக்கு அம்மாவிடமும் மாமாவிடமும் உண்மையைச் சொன்னோம். அம்மா எழுந்து அடுப்படிக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. கையில் இருவருக்கும் காபி இருந்தது. மாமா ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, அன்னைக்கி அங்க நின்னது?"

"அதுக்குத்தான் மாமா."

"ரெண்டு பேருமா?"

"ஆமா."

"அடப்பாவிகளா! அப்ப கல்லே இல்லையாடா?"

அந்த ஏமாற்றம் மட்டும் அவருக்கு இன்னும் தீரவில்லை. சொந்தத்தில் யாருக்காவது வரன் அமையாமல் இழுத்தால் என் தங்கை சொல்வாள்: "மாமாவ பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புங்க. ஸ்கேன் எடுத்துக் கூட்டியாந்துருவாரு."