ஈர்ப்பு மையம் எழுந்து நின்றபோது

ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே நாலு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தாலும் அது வகுப்பறையாகத் தெரியும். பஸ்ஸில், ரேஷன் கடையில், கல்யாணப் பந்தியில் எல்லா இடத்திலும் வாய் தானாகப் பாடம் நடத்தத் தொடங்கிவிடும். எனக்கு அந்த வியாதி வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே முற்றிவிட்டது. முற்றிய இடம், என் மாமனாரின் சாவு.

நான் பொன்னேரிப் பக்கத்து நெல் வயல்காரி. பழவேற்காடு ஏரியைப் பள்ளிச் சுற்றுலாவில் ஒரு தடவை பார்த்ததோடு சரி. என்னைக் கட்டிக்கொடுத்ததோ அந்த ஏரிக்கு அப்பால் கடலோரம் இருக்கும் ஒரு குப்பத்தில். இயற்பியல் படித்து, பி.எட். முடித்து, ஏரிக்கு இந்தப் புறம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தேன். விசை, அழுத்தம், இயக்கம் என்று பிள்ளைகள் முதன்முதலாகச் சந்திக்கிற சங்கதிகள். (எனக்கும் அவற்றுக்கும் பெரிய பழக்கம் கிடையாது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது.)

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இந்தப் படிப்பின்மேல் துளிகூட மரியாதை இல்லை. "இறா உரிக்கத் தெரில. நண்டு ஒடைக்கத் தெரில. இன்னாத்த படிச்சா இவ?" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வார், என்னிடம் நேராகப் பேசமாட்டார். "வேலைக்குப் போவட்டும், வுடு" என்று அந்தப் பேச்சை முடித்துவைத்தவர் மாமாதான். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. காலையில் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை கூட வருவார். நான் ஏறியதும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். எங்கள் உறவு அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவர்.

ஐப்பசி மழையில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பும்போது ஆம்புலன்சில் வெள்ளைத் துணி சுற்றிக் கொடுத்தார்கள். மழை விடவில்லை. குப்பத்துக்குப் போகிற ரோடு தண்ணீருக்கு அடியில் இருந்தது. ஆம்புலன்ஸ்காரர் கரையிலேயே இறக்கிவிட்டார். இனி போட்டில்தான் போக வேண்டும்.

என் கணவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை ஆஸ்பத்திரியிலிருந்தே ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு சொட்டு அழவில்லை. அந்த மௌனத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. யாராவது முன்னின்று காரியத்தை எடுத்து நடத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த யாராவது நான்தான் என்றும் தோன்றியது. (அங்கேதான் விதி சிரித்திருக்க வேண்டும்.)

என் கொழுந்தன் மாரி ஒரு அகலமான பலகையில் மாமாவை வைத்துத் துணியால் கட்டி, போட்டின் குறுக்குச் சட்டங்களின்மேல் உயரமாக வைத்தான்.

"மாரி, அவ்வளவு உயரத்துல வேணாம். கீழ வைங்க" என்றேன்.

"ஏன் அண்ணி?"

"ஈர்ப்பு மையம் மேல போயிடும். போட்டு சாய்ஞ்சிடும்."

மாரி என்னை ஒரு மாதிரி பார்த்தான். "மீன் கொட்டுற எடத்துல நைனாவ போடச் சொல்றீங்களா?"

மாமா உயரத்திலேயே இருந்தார்.

சரி, பிணத்தைத்தான் இறக்க முடியவில்லை, உயிரோடு இருப்பவர்களையாவது இறக்குவோம் என்று எல்லோரையும் அடியில் உட்காரச் சொன்னேன். நின்றால் என்ன ஆகும், உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று விளக்கினேன். உறுதிச் சமநிலை, உறுதியற்ற சமநிலை இரண்டையும் என் கைப்பையைச் சாய்த்தும் நிமிர்த்தியும் காட்டினேன். கணவரின் சித்தப்பா, நாற்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர், துக்கத்தில் தலையை ஆட்டினார். அதை நான் பாடம் புரிந்ததாக எடுத்துக்கொண்டேன்.

போட்டு கிளம்பியது. வானமும் ஏரியும் ஒரே ஈயச் சாம்பல். தெற்கே துறைமுகத்தின் கிரேன்கள் மழைக்குள் மங்கலாக நின்றன. மாமாவின் மார்பிலிருந்த ரோஜா மாலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கும் அந்த முதுகு எனக்கு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு அழுதபடியே வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

கரை நெருங்கியது. இன்ஜினை நிறுத்திவிட்டுக் கழி ஊன்றித் தள்ளினார்கள். கரையில் குப்பமே குடை பிடித்து நின்றது. என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலரும் முன்வரிசையில் இருந்தார்கள். எங்களைக் கண்டதும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓலமிட்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் போட்டில் இருந்த சித்தப்பா கைகளை நீட்டிக்கொண்டு லேசாக எழுந்தார். முழுதாக எழவில்லை, இடுப்பை மட்டும் அசைத்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது.

"யாரும் எழுந்திருக்காதீங்க! எழுந்தா போட்டு கவுந்துடும்!" என்று கத்தினேன்.

கத்தியது எழுந்து நின்று. அதுவும் போட்டின் ஓரத்தில்.

அந்த நேரம் பார்த்து போட்டின் முனை மணலில் இடித்து நின்றது. போட்டு நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. நிலைமம் என்றால் என்ன என்று போன வாரம்தான் கரும்பலகையில் எழுதியிருந்தேன். ஓடுகிற பஸ் திடீரென்று நின்றால் பயணிகள் முன்னோக்கி விழுவது ஏன் என்பது என் அபிமானக் கேள்வி. முன்னோக்கி விழுந்த நான் பிடிப்பதற்குக் கிடைத்ததைப் பிடித்தேன். கிடைத்தது பலகை. போட்டு என் பக்கம் சாய்ந்தது. பலகை வழுக்கியது. நானும் மாமாவும் ஒன்றாக ஏரிக்குள் போனோம்.

மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறியது. பலகை மிதந்தது, மாமாவும் அதன்மேல் மிதந்தார். நான் இரண்டு கையாலும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஐயோ காப்பாத்துங்க! நீச்சல் தெரியாது!" என்று அலறினேன். இறந்துபோன மனிதரைப் பிடித்துக்கொண்டு உயிர்ப்பிச்சை கேட்ட ஒரே மருமகள் அந்தக் கடற்கரையில் நானாகத்தான் இருப்பேன்.

மாரிதான் முதலில் குதித்தான். குதித்தவன் நீந்தவில்லை, நடந்து வந்தான்.

"அண்ணி, கால ஊனுங்க."

"முழுகிடுவேன் மாரி!"

"முட்டிக்குத்தான் தண்ணி கீது. எழுந்து நில்லுங்க அண்ணி!"

நின்றேன். முட்டிக்குத்தான் இருந்தது. புடவை ஒரு பக்கம், கைப்பை ஒரு பக்கம், ரோஜா இதழ்கள் எல்லாப் பக்கமும். கரையில் ஓலம் நின்றுபோயிருந்தது. அவ்வளவு பேர் சேர்ந்து அவ்வளவு சத்தமில்லாமல் இருந்ததை நான் பிறகு எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை.

அண்ணன் தம்பி இருவரும் நைனாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் கணவர் என்னைப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஈரப் புடவையோடு வீட்டின் பின்புறம் போய், வலை போட்டு வைத்திருக்கும் கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டேன். எனக்காகப் பேசிய ஒரே மனிதரைக் கடைசிப் பயணத்தில் சேற்றுத் தண்ணீரில் தள்ளிவிட்டேன். இந்தக் குடும்பம் என்னை இனிமேல் எதற்குச் சேர்க்கும்? அப்பாவுக்குப் போன் செய்து கூட்டிப்போகச் சொல்லலாம் என்றால், போனும் ஏரியில் இருந்தது.

வாசலில் மாமாவைக் குளிப்பாட்ட ஏற்பாடு நடந்தது. குடம் எடுத்த பெண்களில் ஒருத்தி, "பெரிய மருமவ எங்க? தண்ணி ஊத்தணுமே" என்று கேட்டாள்.

அப்போதுதான் அத்தையின் குரல் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை.

"அவ இன்னாத்துக்கு? அவதான் ஏரி பூராவும் எடுத்து ஊத்திட்டாளே. இன்னும் இன்னா கொடம்?"

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினாள். இன்னொருத்திக்கு அடக்க முடியவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே அத்தை வாய்விட்டு அழத் தொடங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து நெஞ்சில் கட்டி நின்றதெல்லாம் உடைந்து வந்ததைக் கொட்டகைக்குள் இருந்து கேட்டேன். அழுது ஓய்ந்தபின் அவரே உள்ளே வந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வா. உன் மாமாவுக்கு நீயும் ஊத்து." இரண்டு அடி நடந்தவர் திரும்பிப் பார்த்தார். "ஆனா உக்காந்துக்கினே ஊத்து."

உட்கார்ந்தபடியேதான் ஊற்றினேன். மாமாவின் நெற்றியில் ஒட்டியிருந்த ஏரி மணலை அத்தை தன் முந்தானையால் துடைத்தார்.

என் கணவர் காரியம் முடிகிறவரை என்னோடு பேசவில்லை. பேசத் தொடங்கிய பிறகு நிறுத்தவில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் இறங்குவதற்காக நான் இருக்கையை விட்டு எழுந்தால், "மெதுவா, மெதுவா, மையம் ஏறுது பாரு" என்பார். மாமாவுக்குத் திதி கொடுக்கும் நாளில் சொந்தக்காரர்கள் கூடினால் மாரி இந்தக் கதையை முதலிலிருந்து நடித்துக் காட்டுவான். சித்தப்பா தான் எழவே இல்லை என்று சத்தியம் செய்வார். நான் எல்லோருக்கும் சோறு போட்டுக்கொண்டிருப்பேன். சிரிக்கிறேனா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை.

பள்ளிக்கூடத்திலும் தப்பிக்க வழியில்லை. போன பரீட்சையில், "உறுதியற்ற சமநிலைக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக" என்று கேட்டிருந்தேன். எங்கள் குப்பத்துப் பெண் ஒருத்தி, 'எங்கள் அறிவியல் டீச்சர் படகில் எழுந்து நிற்பது' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அத்தை, "இன்னாடி யோசன?" என்றார். படித்துக் காட்டினேன்.

அத்தை கத்தியை நிறுத்தவில்லை. "முழு மார்க்கா போட்டுடு. பாவம், அந்தப் பொண்ணு நேர்ல பாத்ததத்தான எழுதிக்கீது."