ஜோடிகளுக்கு மட்டும்

"பக்கத்து சீட்ல யாரு சார்? உங்க வீட்ல வரலையா?"

படகு கரையை விட்டு நகர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பச்சைக் குடை வைத்திருந்த அம்மாள் கேட்டேவிட்டார். காலி சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பல் செட்காரருக்கு வியர்த்தது.

தீவுச் சுற்றுலா ஜோடிகளுக்கு மட்டும்தான். டிக்கெட்டும் இரண்டிரண்டாகத்தான் தருவார்கள். "அந்தத் தீவுக்கு ஒரு தடவை போயிட்டு வருவோமே" என்று மனைவி வருஷாவருஷம் கேட்டாள். இவரும் வருஷாவருஷம் "அடுத்த வருஷம்" என்றார். அவள் கண்ணை மூடி மூன்று வருஷமாகிவிட்டது. போன மாதம் என்ன தோன்றியதோ, இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார். ஊரில் எத்தனையோ வாய்களுக்குப் பல் செட் செய்து கொடுத்தவர். அவரிடம் பேசத்தான் ஒரு வாய் இல்லை.

"பாத்ரூம் போயிருக்கா" என்றார்.

"அதானே பாத்தேன். எங்க வீட்டுக்காரர் மேல் தளத்துல காத்து வாங்கிட்டிருக்கார்."

அரை மணி நேரம் கழிந்தது.

"இன்னுமா வரல?"

"கடல் ஒத்துக்கல. வாந்தி."

சொல்லியிருக்கக் கூடாது. அம்மாள் கைப்பையிலிருந்து மாத்திரை, எலுமிச்சம்பழம், ஈரத்துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்.

"நான் போய்ப் பாக்குறேன்."

"வேணாம்மா! அவளுக்குக் கூச்ச சுபாவம்."

"வாந்தியில என்ன சார் கூச்சம்?"

முன் சீட்டு வழுக்கைத் தலைக்காரர் திரும்பினார். "என் வீட்லயும் இப்படித்தான். கீழ் அறையில படுத்துட்டா. யாரும் வராதீங்கன்னுட்டா."

அம்மாள் கேட்கவில்லை, எழுந்து போனார். பல் செட்காரர் பின்னாலேயே ஓடினார். போதாத காலம், பாத்ரூம் கதவு இறுகிக் கிடந்தது. தட்டினால் பதிலில்லை.

"உள்ள மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க!"

"இல்லம்மா. அவ... கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டா."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று உறைத்தது.

அதற்குள் படகில் கயிறு கட்டும் ஊழியர் வந்து தோளால் கதவை மோதினார். மூன்றாவது மோதலில் திறந்தது. உள்ளே ஒரு வாளியும் திறந்திருந்த ஒரு சின்ன ஜன்னலும்தான் இருந்தன. பூனை நுழையவே யோசிக்க வேண்டிய ஜன்னல். ஆனால் யாரும் யோசிக்கவில்லை.

"ஐயோ, கடல்ல விழுந்துட்டாங்க!"

இன்ஜின் நின்றது. கைக்குக் கிடைத்த மிதவை வளையங்களையெல்லாம் ஆளுக்கொன்றாகக் கடலில் வீசினார்கள். கேப்டன் இறங்கி ஓடிவந்தார்.

"என்ன கலர் டிரெஸ் சார்?"

"நீலம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. இந்தப் பயணத்துக்கென்றே அவள் வாங்கி வைத்திருந்தது. இன்னும் விலைச்சீட்டு கிழிக்காமல் அலமாரியில் தொங்குகிறது.

எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து நீலத்தைத் தேடினார்கள். கடல் முழுக்க நீலமாகத்தான் இருந்தது.

"முதல்ல மேல கீழ எல்லாரையும் எண்ணிட்டு வா!" என்று கேப்டன் கத்த, கயிறு கட்டுபவர் ஓடினார்.

பல் செட்காரருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"யாரும் தேடாதீங்க. அவ செத்து மூணு வருஷமாச்சு. ஜோடியாத்தான் டிக்கெட் தருவோம்னாங்க. தனியா வந்திருக்கேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. மன்னிச்சிருங்க."

திட்டுவார்கள், இல்லாவிட்டால் சிரிப்பார்கள் என்று தலை குனிந்து நின்றார். பச்சைக் குடை அம்மாள் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். வழுக்கைத் தலைக்காரர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

கயிறு கட்டுபவர் தலையைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்தார்.

"கேப்டன், ரெண்டு தடவை எண்ணிட்டேன். டிக்கெட் நாப்பது. ஆளு இருபதுதான் இருக்காங்க."