பன்னிரண்டு வோல்ட் நல்லரத்தினம்

மின்வேலை தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று உலகத்தில் இரண்டு வகையினர்தான் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கலாம். மூன்றாவது வகை ஒன்று உண்டு. நேரே கொடுப்பவர்கள். ஃபியூஸ் போனால் அந்த இடத்தில் ஒரு செப்புக் கம்பி, பிளக் உடைந்தால் வயரின் நுனியைச் சீவி நேரே சுவர் ஓட்டைக்குள், அது கழன்று விழாதிருக்க இரண்டு தீக்குச்சி. சாமானோடு வரும் குறிப்புத் தாளா? அது கழற்றிய ஆணிகளைக் கொட்டி வைக்க.

செங்கலடிச் சந்தியில் மின்சாமான் திருத்துமிடம் வைத்திருக்கும் நல்லரத்தினம் இந்த வகையில் முதல் தரம். பத்து ஆணி கழற்றினால் ஏழைத்தான் திருப்பிப் பூட்டுவார். மற்ற மூன்றும் கம்பனிக்காரன் பயத்தில் கூடுதலாகப் போட்டவை என்பது அவருடைய முடிவு.

வவுணதீவில் இறால் பண்ணை வைத்திருக்கும் கேதீஸ்வரி போயும் போயும் இவரைத்தான் அழைத்தாள். இறால் பிடிக்க இன்னும் பன்னிரண்டு நாள். குளத்தில் தண்ணீர் குறைந்தால் சென்சர் ஒரு சிறிய கன்ட்ரோலர் போர்டுக்குச் சொல்லும், போர்ட் பம்பை ஓட்டி வாவித் தண்ணீரை இறைக்கும். எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். கடைக்காரர் இரண்டு ரெசிஸ்டரைத் தாளில் சுற்றி, அந்தத் தாளிலேயே படமும் கீறிக் கொடுத்திருந்தார்.

"அண்ணன், சென்சரில இருந்து பன்னிரண்டு வோல்ட் வருமாம். போர்ட்டுக்கு மூண்டுதான் தாங்குமாம். இந்த ரெண்டையும் இடையில போட்டுக் குறைச்சுத்தான் குடுக்கணுமாம்."

நல்லரத்தினத்துக்குச் சுருக்கென்றது. இருபத்தைந்து வருட அனுபவசாலிக்குத் தாளில் படம் கீறிக் காட்டுவதா? சென்சரின் இரண்டு வயரையும் இரண்டு விரலால் பிடித்தார். அசையாமல் நின்றார்.

"பாருங்க தங்கச்சி. எனக்கே அடிக்கல்ல. இந்தப் பொட்டிக்கு அடிக்கப் போகுதா?"

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? நல்லரத்தினம் வயரைப் போர்ட்டுக்கு நேரே கொடுத்தார். சென்சரைத் தூக்கிப் பிடித்தார், பம்ப் ஓடியது. தண்ணீருக்குள் விட்டார், நின்றது. நேரே கொடுப்பவர்களைக் கெடுப்பதே இதுதான், முதல் நாள் எல்லாம் வேலை செய்துவிடும்.

ஐந்தாம் நாள் மத்தியானம், இடுப்பளவு நின்ற தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கிக் கிடக்க, குளம் நிறைந்திருக்கிறது என்று போர்ட் ஒரே பிடியாக நின்றது. கேதீஸ்வரி ஓடிப்போய்ப் பம்பைக் கையால் போட்டபோது, இரண்டு மாதமாகத் தீன் போட்டு வளர்த்ததில் பாதி செத்து மிதந்தது. வரம்பிலேயே உட்கார்ந்து அழுதாள்.

நல்லரத்தினம் விழுந்தடித்து வந்தார். கெட்ட மனிதரல்ல, மிதந்த இறாலைப் பார்த்ததும் தானும் இறங்கி அள்ளினார். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"போர்ட் தரமில்ல தங்கச்சி. வயர் குடுத்த இடம் கருகிச் செத்துப்போச்சு."

"அந்த ரெண்டு ரெசிஸ்டரும் எங்க அண்ணன்?"

அவர் முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"பத்திரமா வச்சிருக்கன். மிச்சம் வந்தது."

கேதீஸ்வரி அவற்றை வாங்கிக்கொண்டாள். மறுநாள் புதுப் போர்ட் வாங்கி வந்து, தாளை மடியில் விரித்து, அந்த இரண்டையும் இடையில் வைத்துத் தானே பூட்டினாள். நல்லரத்தினம் பக்கத்தில் நின்று, கேட்காமலே ஆலோசனை சொன்னார். மிச்ச இறால் பிழைத்தது.

இப்போது கடைக்கு வருபவர்களிடம் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்: "ரெண்டு ரெசிஸ்டர் போடாமக் குடுக்கப்படாது. வவுணதீவில நான்தான் நிண்டு செய்விச்சன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்தபின் உங்கள் கைபேசி சார்ஜர் ஏறும் இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். மூன்று ஓட்டைச் சுவர்ச் சாக்கெட்டில் இரண்டு முள் சார்ஜரை ஏற்ற, மேல் ஓட்டைக்குள் பேனையை விட்டு அமத்தி உள்மூடியைத் திறந்தது யார்? பேனை இன்னும் அதற்குப் பக்கத்திலேதானே கிடக்கிறது?