பிள்ளையார் வைத்துக்கொண்ட கார்ச் சாவி

சாவி இல்லாமல் ஒரு காரை இருபத்தைந்து கிலோமீற்றர் ஓட்டிப்போனவன் நான். களவெடுக்கவில்லை, கார் என்னுடையதுதான். சாவி இல்லை என்பது எனக்கே தெரியாது, அதுதான் விசேஷம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வரைக்கும் போனவன் என்ற பெருமையும் எனக்குத்தான் உண்டு. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் என்னைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்துகிறார்கள்.

மன்னாரில் ஒரு கந்தோரில் வேலை கிடைத்து மூன்றாவது வருடம் கார் வாங்கினேன். ஜப்பானில் ஒருவர் ஓடி, கொழும்பில் ஒருவர் ஓடி, மிச்சம் இருந்தது எனக்கு வந்தது. பெற்றோலிலும் மின்சாரத்திலும் மாறி மாறி ஓடுகிற ஹைபிரிட் கார். கம்பனியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் பழி அவர்கள் தலையில் விழும். பிழை முழுக்க என்னுடையது. எங்கள் பக்கத்தில் டொல்பின் வான் என்று சொல்வோமே, அதைச் செய்தவர்களும் அவர்கள்தான். அது போதும்.

காரை வாங்குவதற்கு முன்னரே அந்தக் கம்பனியின் சரித்திரத்தை ஆதியிலிருந்து படித்து முடித்திருந்தேன். (பரீட்சை எழுதியே வளர்ந்தவனுக்கு வேறு வழி தெரியாது. கத்தரிக்கோல் வாங்குவதென்றாலும் அதன் பூர்வீகத்தைப் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போவேன்.) சாப்பிடும்போதும் அதைப் பற்றியே பேசினேன். வயலில் இருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா ஒருநாள் கேட்டார்:

“காரைப் பற்றி எல்லாம் படிச்சிட்டாய். ஓடவும் படிச்சனியோ?”

ஓடப் படித்திருந்தேன். சாவியைப் பற்றித்தான் படிக்கவில்லை.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். தமிழ்நாட்டு முகாமில் இருந்து நாங்கள் ஊருக்குத் திரும்பிய காலத்தில், இரண்டு பிள்ளைகளில் ஒருவரைத்தான் படிக்க அனுப்பலாம் என்ற நிலை. அக்கா தானாகவே போய்த் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு இரண்டு சம்பந்தங்கள் வந்து குழம்பிவிட்டன. மூன்றாவதாக வந்தது மன்னார்த் தீவுக்குள்ளே கீரி என்ற ஊரில் இருந்து. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் எலெக்ரீசியன். அம்மா வார்ட்டில் இருந்தபோது கட்டிலுக்கு மேலே இருந்த ஃபானைத் திருத்தியவர். அக்கா வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய பேச்சு வந்தால் தையல் மெஷின் கடகடவென்று வேகமாக ஓடும். எங்களுக்கு அது போதும்.

ஒரு வெள்ளிக்கிழமை பொம்பிளை பார்க்க வருவதாக முடிவானது. மாப்பிள்ளையின் தாய் ஒரேயொரு நிபந்தனை வைத்தார்: பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்கு முன்னர் பெண் வீட்டு வாசற்படி தாண்டியாகவேண்டும். சும்மா சொல்கிற ஆள் அல்ல. போன வருடம் வேறொரு இடத்துக்குப் பெண் பார்க்கப் போகும்போது நேரம் பிந்திவிட்டது என்று பாதி வழியில் வானைத் திருப்பி வீட்டுக்குப் போனவர். அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நான் போனில் சொன்னேன்: “நீங்கள் வான் ஒண்டும் பிடிக்க வேண்டாம் மாமி. நானே காரிலை வந்து ஏத்திக்கொண்டு வாறன்.”

அன்று காலை காருக்கும் பூசை வைத்துவிடலாம் என்றார் அம்மா. ஊர்ப் பிள்ளையார் கோவில் வாசலில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். நாலு சில்லுக்கும் அடியில் நாலு தேசிக்காய். முன்கண்ணாடியில் சந்தனம். முன்பக்கத்தில் பூமாலை. ஐயர் தட்டத்தோடு வந்து ஜன்னலில் குனிந்தார்.

“தம்பி, சாவியைத் தாரும். சுவாமியின்ர காலடியிலை வச்சு எடுப்பம்.”

கொடுத்தேன். அந்தக் காரின் சாவி துவாரத்தில் போட்டுத் திருகுகிற சாவி அல்ல. சட்டைப் பைக்குள் கிடந்தாலே போதும், பட்டனை அமத்தினால் கார் உயிர்த்துவிடும். உயிர்த்தது வெளியே தெரியாது, சத்தமே இராது. அப்போது கார் உயிரோடுதான் நின்றது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. (குளிர் வெளியே போய்விடும் என்று கண்ணாடியைக்கூட மூன்று விரல் அகலம்தான் இறக்கினேன். அதற்குள்ளால்தான் சாவி போனது.)

தீபம் காட்டி, தேங்காய் உடைத்து, ஐயர் “இனி எடுங்கோ” என்றார்.

“ஸ்ராட் பண்ணடா,” என்றார் அப்பா.

“ஸ்ராட்டிலைதான் அப்பா நிக்குது.”

“ஆர் சொன்னது? சத்தத்தைக் காணேல்ல.”

“அதுதான் அப்பா இதின்ர திறமை!”

பிரேக்கில் இருந்து காலை எடுத்தேன். நாலு தேசிக்காயும் ஒரே நேரத்தில் சப்பளிந்தன. சனம் கை தட்டியது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா “அம்மாடி, பேய் இழுக்கிற மாதிரிப் போகுது!” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கோவிலைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு நிற்கவேண்டியவன், கை தட்டிய சத்தம் காதில் ஏறியதும் நேராகப் பிரதான வீதியில் ஏறி மன்னாரை நோக்கி விட்டுவிட்டேன். கார் “டீக் டீக் டீக்” என்று கத்தியது. ஜப்பான்காரப் பெண் குரல் ஒன்று ஏதோ சொன்னது. திரையில் ஜப்பானிய எழுத்தில் ஏதோ மின்னியது. சீற் பெல்ற் போடச் சொல்கிறாள் என்று நினைத்துப் போட்டுக்கொண்டேன். அவள் திரும்பவும் சொன்னாள். நல்ல பிள்ளை, வாழ்த்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஓட்டத்தை எப்படிச் சொல்வது! பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் கடல், நடுவிலே நான், சத்தமில்லாத கார். நான்தான் சத்தம், தேவாரம் பாடிக்கொண்டு போனேன். மன்னார் பட்டினத்துக்குள் நடு வீதியில் மூன்று கழுதைகள் நின்றன. மற்ற வாகனம் என்றால் இரைச்சல் கேட்டு விலகும். என் கார் பின்னால் வந்து நிற்பதே அவற்றுக்குத் தெரியவில்லை. ஹோர்ன் அடித்த பிறகும் ஒரு கழுதை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றது. அது அன்றைக்கே என்னைச் சரியாக அளந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கீரிக்குப் போனபோது எட்டே முக்கால். மாமா, மாமி, மாப்பிள்ளை மூன்று பேரும் வெளிக்கிட்டு நின்றார்கள். “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம் தம்பி” என்று மாமி கூப்பிட, நான் ஸ்ரைலாகப் பட்டனை அமத்திக் காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். அதுதான் நான் அந்தக் காரை அன்று கடைசியாக ஸ்ரைலாகத் தொட்டது.

ஒன்பதே காலுக்கு எல்லோரும் ஏறினோம். மாமி பட்டுச் சேலையோடு பின்னால், கிழக்கே பார்த்து வலது காலை வைத்து ஏறினார். நான் பட்டனை அமத்தினேன். ஜப்பான்காரி பேசினாள். கார் அசையவில்லை. திரும்ப அமத்தினேன். திரும்பப் பேசினாள். இந்த முறை கொஞ்சம் கோபமாகப் பேசியது போல இருந்தது. திரையில் சாவியின் படம் ஒன்று விட்டுவிட்டு மின்னியது. ஓடுகிற கார் சாவி இல்லாமலும் ஓடும், ஒருமுறை நிறுத்தினால் சாவி இல்லாமல் உயிர்க்காது.

சட்டைப் பை. காற்சட்டைப் பை. சீற்றுக்கு அடி. மாமியின் காலுக்குக் கீழே. “மாமி, ஒருக்கா காலைத் தூக்குங்கோ.” தூக்கினார். “மற்றக் காலையும் மாமி.” அதையும் தூக்கினார். இல்லை.

மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்: “சாவியைக் கடைசியா ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?”

யோசித்தேன். நினைவு வந்தது.

“பிள்ளையாரிட்டை.”

மாமா இருபது வருடம் டொல்பின் வானில் வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடியவர். முன்சீற்றில் இருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, இதே கம்பனிதான் என்ர வானையும் செய்தது. ஒரு நாள் எண்டாலும் என்னை நடுவழியிலை விட்டதில்லை. ஆனா நான் அதின்ர சாவியைச் சாமிக்குக் குடுத்திட்டு ஓடினதில்லை.”

அப்பாவுக்குப் போன் அடித்தேன்.

“சாவி கோயிலுக்குள்ளையோ? ஐயர் பூட்டிப்போட்டு அடுத்த கோயில் பூசைக்குப் போயிட்டாரடா!”

ஆகக் கார்ச் சாவி கோவிலுக்குள்ளே, கோவில் சாவி ஐயரின் இடுப்பிலே, ஐயர் மோட்டார் சைக்கிளிலே. “பொறு, பாப்பம்” என்று சொல்லி அப்பா போனை வைத்துவிட்டார்.

“ஓட்டோ பிடிச்சுப் போவமே?” என்றார் மாமா.

மாமி அசையவில்லை. “நல்ல நேரம் பாத்து ஏறின வாகனம். இறங்கி வேற ஒண்டிலை ஏறினா, அது பயணம் முறிஞ்ச மாதிரி. ஏலாது. இருப்பம். பத்தரைக்குள்ளை அங்கை போய்ச் சேரேலுமோ பாப்பம். இல்லையெண்டா…” போன வருடம் திரும்பிய வான் என் கண் முன்னால் ஓடியது. வீட்டிலே அக்கா தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருப்பாள். என்னைப் படிக்கவைத்த அக்கா. நான் படித்த படிப்பு அவள் கலியாணத்தைக் குழப்பத்தானே பயன்படுகிறது!

ஏசி இல்லை. நாலு கதவையும் விரியத் திறந்துவைத்துக்கொண்டு, வீட்டு முற்றத்தில், காருக்குள்ளே நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். கடல் காற்று வந்தது. கூடவே கருவாட்டு வாசமும் வந்தது. மாமி கலண்டர் மட்டையால் விசிறினார். பதற்றம் வந்தால் நான் படித்ததை ஒப்புவிப்பவன். (வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சையில் வந்த வியாதி.)

“இந்தக் கம்பனி முதலிலை கார் செய்யேல்ல மாமா. தறிதான் செய்தவை. அந்தத் தறியின்ர புதுமை என்னெண்டா, நூல் அறுந்தா தானாவே நிண்டிடும்.”

“ஓம், விளங்குது,” என்றார் மாமா. “இஞ்சையும் எங்கையோ நூல் அறுந்திட்டுது.”

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மாமியின் மனதைத் தேற்ற நினைத்துப் பின்பக்கம் திரும்பினேன்.

“அவையளும் எங்களைப் போலை நல்லது கெட்டது பாக்கிற ஆக்கள்தான் மாமி. எழுதேக்கை எட்டுக் கோடு வரவேணும் எண்டு கம்பனிப் பெயரையே மாத்தினவை. எட்டு அங்கை அதிர்ஷ்ட நம்பர்!”

விசிறி நின்றது.

“எட்டோ?” என்றார் மாமி. “எட்டு சனீஸ்வரன்ர நம்பரெல்லோ! சனியனிலை ஏத்திப்போட்டோ தம்பி எங்களை இருத்தி வச்சிருக்கிறீர்?”

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பத்து மணி. பத்து பத்து. மாமா மணிக்கூட்டைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். பத்து பதினெட்டுக்கு ஒழுங்கைக்குள் ஒரு ஸ்கூட்டியின் சத்தம் வந்தது. அந்த இரைச்சலைப் போல ஒரு சங்கீதத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. புழுதி கிளப்பிக்கொண்டு அது முற்றத்துக்குள்ளேயே வந்து நின்றது.

அக்கா!

நீலச் சேலையை முழங்கால் வரைக்கும் இழுத்துச் செருகியிருந்தாள். ஹெல்மெற்றுக்குக் கீழே மல்லிகைச் சரத்தின் நுனி தொங்கியது. முகத்தில் பவுடரும் வியர்வையும் வீதிப் புழுதியும். ஐயரை அடுத்த கோவில் வாசலில் மறித்து, திருப்பிக் கொண்டுவந்து கதவைத் திறக்கவைத்து, அப்பா கையை நீட்ட நீட்டச் சாவியைப் பறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அப்பாவின் ஓட்டத்தில் நம்பிக்கை இல்லையாம். சாவியில் பிள்ளையாரின் அறுகம்புல் இன்னும் ஒட்டியிருந்தது.

என்னைக் கண்டதுதான் தாமதம்.

“படிச்ச எருமை! உன்னைப் படிப்பிச்ச நேரத்துக்கு நாலு தென்னங்கண்டு வச்சிருந்தா இண்டைக்குத் தேங்காயாவது மிஞ்சியிருக்கும்! கம்பனி கிழவன்ர பேத்தியார் பெயர் தெரியும், சாவி எங்கை எண்டு தெரியாது! இந்தா பிடி!”

அப்போதுதான் திறந்த கதவுகளுக்குள்ளே இருந்த மற்ற மூன்று பேரையும் கண்டாள். கை அந்தரத்தில் நின்றது. மெல்லமாகச் சேலையை இறக்கினாள். ஹெல்மெற்றைக் கழற்ற மறந்துவிட்டாள்.

மாப்பிள்ளைக்குத்தான் முதலில் தாங்கமுடியாமல் போனது, வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு மாமா. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, “நான் போயிட்டு வாறன்” என்று ஸ்கூட்டியைத் திருப்பப் பார்த்தாள்.

“நில்லும் பிள்ளை!”

மாமியின் குரல். அவர் காரில் இருந்து இறங்கினார். ஆம், இறங்கவே மாட்டேன் என்று ஒரு மணித்தியாலம் அடம்பிடித்த மாமி இறங்கினார். அக்காவைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். “மணி என்னப்பா?”

“பத்து இருபத்திரண்டு,” என்றார் மாமா.

“ராகு காலத்துக்கு இன்னும் எட்டு நிமிசம் கிடக்கு. இனி அங்கை போய் என்னத்தைப் பாக்கிறது? பாத்தாச்சு. பிள்ளை, அந்தச் சட்டியைத் தலையிலை இருந்து கழட்டிப்போட்டு வலது காலை வச்சு உள்ளுக்கு வாரும்.”

அக்கா வாசற்படி தாண்டினாள். நானும் பின்னால் போனேன். மாமி திரும்பிப் பார்த்தார்.

“நீர் காருக்குள்ளையே இரும்.”

இருந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்காவின் சிரிப்பும் அதற்குள் இருந்தது. பத்து முப்பத்தைந்துக்கு அப்பாவின் போன் வந்தது. “என்னடா, குழம்பிட்டுதோ?” என்று கேட்டார். “இல்லை அப்பா, முடிஞ்சுது” என்றேன். “என்ன முடிஞ்சது?” என்று அலறினார். விளக்கிச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது.

அந்த வருடமே கலியாணம் நடந்தது. கலியாணத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் மாமி அக்காவைக் கையைப் பிடித்துக் காட்டினார்: “இவதான், எங்கட மகனை மாப்பிளை பாக்கவெண்டு ஸ்கூட்டியிலை வந்தவ.” இன்றைக்கும் அத்தானுக்கும் அக்காவுக்கும் சண்டை வந்தால் அது கடைசியில் அங்கேதான் போய் முடியும். “நான் உன்னைத் தேடி வந்தனானோ? வீடு தேடி வந்தது ஆர்?” என்பார் அத்தான். “உங்களைத் தேடி இல்லை, இந்த எருமையைத் தேடித்தான் வந்தனான்!” என்று அக்கா கத்துவாள். உடனே இரண்டு பேரும் சண்டையை மறந்துவிட்டு, ஒன்றாக என் பக்கம் திரும்புவார்கள்.