சித்திரை முழுக்குக்கு வர வேண்டாம்

கொத்மலையில் இருக்கும் தம்பி செல்லசாமிக்கு, அண்ணன் சிவசாமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி மீனம்மாவும் என் முழங்கால் வலியும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் அழகம்மாவும் பிள்ளைகளும் நலமாயிருக்க மாரியம்மாள் துணை.

உன் கடிதம் கிடைத்தது. இந்தியாவுக்குப் போகப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, சித்திரை கழிந்ததும் தலைமன்னாரில் கப்பல் ஏறுகிறோம், அதற்கு முன்னால் சின்ன வயதில் குளித்த மாதிரி துரை பங்களா நீச்சல் தொட்டியில் குடும்பத்தோடு ஒரு தடவை எண்ணெய் முழுக்குப் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் தம்பி. வராதே.

உனக்கு முழுக்குத்தான் ஞாபகம் இருக்கிறது, கழுவினது எனக்குத்தான் தெரியும். சித்திரைக்குப் பழைய துரை குதிரைப் பந்தயம் பார்க்க நுவரெலியா போனதும், பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்த அப்பா கேட்டைத் திறந்துவிடுவார். உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெயும் சீயக்காயும் தேய்த்துக்கொண்டு நாமெல்லாரும் அந்த ஐஸ் தண்ணியில விழுவோம். நீ அப்பா முதுகில் மிதப்பாய், அம்மா சேலையோடு முங்கி எழுந்து பல் கிடுகிடுக்கச் சாமி கும்பிடுவாள். அப்புறம் நீ வெயிலில் உட்கார்ந்து பணியாரம் தின்ன, நானும் அப்பாவும் தண்ணியத் தொறந்துவிட்டு, தேங்காய் மட்டையும் சாம்பலும் போட்டுத் தேய்தேய்னு தேய்ப்போம். ஒரு வருசம் மழையில பந்தயம் நின்னுபோயி, தொட்டியைக் கழுவுறதுக்குள்ள துரை கார் வந்துருச்சு. துரைசானி நேரா வந்து படியில காலை வச்சா, அவ்வளவுதான், சர்ருன்னு வழுக்கித் தலை வரைக்கும் முங்கிட்டா. எழுந்தப்போ நல்லெண்ணெய் மணக்குது. "என்ன இது?" என்று துரை கேட்க, அப்பா அசராமல், "கொசு முட்டை வைக்காம இருக்க எண்ணெய் ஊத்தியிருக்கேங்க தொரை" என்றார். அந்த மனுசன் அதை நம்பி, முதுகில் தட்டிக்கொடுத்து, அடுத்த வருசத்திலிருந்து தொட்டிக்கென்றே மண்ணெண்ணெய் கொடுத்தார். மண்ணெண்ணெய் நம்ம விளக்குக்கு, நல்லெண்ணெய் தொட்டிக்கு. அப்பாவோட சாமர்த்தியத்துல கால்வாசி எனக்கு இருந்தா நான் ஏன் இப்படிக் கிடக்கிறேன்.

இப்போது அதே வேலையில் நான் இருக்கிறேன். இந்தப் புதுத் துரை பந்தயத்துக்கும் போவதில்லை, பக்கத்துத் தோட்டத்துக்கும் போவதில்லை, விறாந்தையிலேயே உட்கார்ந்திருக்கிறார். தொட்டியில் வெடிப்பு. உள்ளே தவளை. என் முழங்காலை வைத்துக்கொண்டு என்னால் தேய்க்கவும் முடியாது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் கப்பலில் ஏற்றவும் மாட்டார்களாம். மாட்டிக்கொண்டால் என் வேலையும் போகும், காம்பராவும் போகும். யோசித்துப் பார்.

அழகம்மாவை நான் விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு முத்தம். போகிற ஊரில் நீங்கள் குறைவில்லாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
சிவசாமி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் முழங்கால் வலியையும் தவளையையும் தவிர, வராதே என்பதற்குச் சொன்ன காரணம் ஒன்றும் உண்மையில்லை. துரையிடம் போன வாரமே கேட்டுவிட்டேன். "வரச் சொல்லு" என்றார். வெடிப்பும் கிடையாது. குளிக்கிற ஆசை பாக்கியிருந்தால் பயணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுவாயோ என்று ஒரு நப்பாசை, அதனால் இவ்வளவையும் எழுதினேன். மீனம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, ஒரு முழுக்குக்காகக் கப்பல் நிக்குமா?" என்றாள். எழுதினதைக் கிழிக்க மனசில்லாமல் அதன் கீழேயே இதைச் சேர்க்கிறேன். வந்துவிடு தம்பி. ரெண்டு நாள் தங்குற மாதிரி வா.