நாலு பெத்தவள் சொல்கிறாள்

உலகத்தில் மருத்துவம் படித்தவர்கள் கொஞ்சம் பேர். மருத்துவம் சொல்பவர்கள் மீதிப் பேர். அந்த மீதிப் பேரில் ‘நிறுத்தச் சொல்லிகள்’ என்று ஓர் இனம் உண்டு. இவர்கள் மருந்து கொடுக்க மாட்டார்கள். அடுத்தவர் கொடுத்த மருந்தை நிறுத்துவதோடு சரி. மாத்திரை அட்டை பிரியும் சத்தம் மூன்று அறை தாண்டியும் இவர்கள் காதில் விழும். பிரிப்பவள் வாயும் வயிறுமாக இருந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம்.

நம் பெரியம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுடைய தங்கை மகள் துணிக்கடையில் நாளெல்லாம் நின்று விற்பவள். ஆறு மாதக் கர்ப்பம். இடுப்பில் நரம்பு அழுத்தி, குதிகால் வரை சுண்டிச் சுண்டி இழுக்கும். அதற்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஒரு மாத்திரை போட்டு வந்தாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் விசாரித்து, அளவைக் குறைத்து, “என்னைக் கேக்காம நிறுத்தாதே” என்று சொல்லித்தான் மாத்திரையைத் தொடர விட்டிருந்தார்.

“என்னடி அது?”

“நரம்பு வலிக்கு, பெரியம்மா. டாக்டரம்மாவுக்குத் தெரியும்.”

“அவங்களா பெத்துக்கப் போறாங்க? நான் நாலு பெத்தவ. ஒரு மாத்திரை வாயில வச்சிருப்பேனா?”

வைத்திருக்கிறாள். வாந்திக்கு, ரத்தச் சோகைக்கு, இன்னும் எதெதற்கோ. ஆனால் அதெல்லாம் ‘சத்து’. மாத்திரைக் கணக்கில் வராது.

கேலி இருக்கட்டும், அவள் பயம் நிஜம். தங்கை மகள் மேல் உயிரையே வைத்திருந்தாள். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பில் தினம் ஒரு கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதா? நாலு பெத்தவளா?

பயம் ஜலதோஷம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெண் அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினாள். அப்புறம் தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று, உடம்பு வேர்த்துக் கொட்டியது. கடையில் வாடிக்கையாளருக்குத் துணியை விரித்துக் காட்டியவள், அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

செய்தி கேட்டுப் பெரியம்மா பெண்ணின் வீட்டுக்கு ஓடி வந்தாள். கைப்பைக்குள் கையை விட்டாள். வெளியே வந்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? ஒரு மாத்திரை அட்டை!

“இந்தா, இதுல பாதி போட்டுக்கோ.”

“மாத்திரையே கூடாதுன்னீங்களே?”

“அது வேற, இது வேற. என் கால் எரிச்சலுக்குக் குடுத்தது. எனக்கு நல்லா ஒத்துக்கிச்சுடி.”

பெண்ணின் புருஷன் வாயில்லாப் பூச்சி. அவன் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கம்பெனிதான் வேறு. மருந்து அதே மருந்து. பெரியம்மாவுடையதில் அளவு நாலு மடங்கு. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரியம்மா கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கினான். மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

“யாரும்மா நிறுத்தச் சொன்னது?” என்றார் டாக்டரம்மா.

பெரியம்மா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். “யாரோ சொல்லியிருக்காங்க டாக்டர். இந்தக் காலத்துல வாய் இருக்கறவங்க எல்லாம் வைத்தியம் பாக்கறாங்க!”

“சில மருந்தை நிறுத்தணும், சிலதை மாத்தணும், சிலதைக் குறைச்சுத் தொடரணும். திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காது. நீ வலியில துடிக்கிறதும் குழந்தைக்கு நல்லதில்ல. எதுன்னாலும் என்னைக் கேளு.”

பிறகு குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார். குதிரை ஓடுவது போலக் கேட்டது. பெரியம்மா வாய்விட்டு அழுதாள். நடிப்பில்லை, நிஜ அழுகை.

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “குழந்தை பிறந்து பால் குடுக்கறப்ப இதைப் போடலாமா டாக்டர்?”

டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

“பால் குடுக்கறப்ப மாத்திரையா? மூச்சு விடக்கூடாது! நாலு பெத்தவ சொல்றேன்.”

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நடுவில் எங்கேயாவது, ‘என்ன இருந்தாலும், மாசமா இருக்கறவ மாத்திரை போடாம இருந்தா நல்லதுதானே’ என்று உங்களுக்கு ஒரு நொடி தோன்றவில்லை? தோன்றியதா? அப்படியானால் அடுத்த பிள்ளைத்தாய்ச்சி எதிரே வரும்போது வாயில் ஒரு மடக்குத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். அவள் கடந்து போகிற வரைக்கும் விழுங்காதீர்கள்.